முதல் எலிவீரனுக்கு வண்ணம் பூசுவது எப்படி?

வார்ஹாமர் என்ற மேசைப் போர்விளையாட்டின் பெட்டியை முதல் தடவை பிரிப்பவர்கள் ஒரு நிமிடம் திகைத்துத்தான் போவார்கள். மேலட்டைப் படத்தில் துருப்பிடித்த வாளும் கிழிந்த சிவப்பு அங்கியுமாக ஒரு படையே சீறிக்கொண்டு வரும். உள்ளே பார்த்தால் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள் நாலைந்து. தலை ஒரு மூலையில், வால் ஒரு மூலையில், கேடயம் இன்னொரு மூலையில். வெட்டுவது, ஒட்டுவது, வண்ணம் பூசுவது எல்லாம் வாங்கியவர் வேலை.

எனக்கு அந்த வேலை ஆட்டத்தைவிடப் பிடிக்கும். பல வருடங்களாகப் பூசுகிறேன், புதிதாக வரும் நண்பர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள். பெயின்ட் ஏன் திட்டுத் திட்டாக நிற்கிறது? முகத்தில் இருந்த நுணுக்கம் எல்லாம் எங்கே போயிற்று? ஸ்பிரே அடித்ததும் ஏன் சொரசொரப்பாகிவிட்டது? விசாரித்துப் பார்த்தால் எல்லாம் தண்ணீரில் வந்து நிற்கும். பெயின்டில் எவ்வளவு தண்ணீர், பிரஷ்ஷில் எவ்வளவு, காற்றில் எவ்வளவு என்பதுதான் விஷயம். வெல்லப்பாகுக்குப் பதம் பார்க்கத் தெரிந்தவர் கைக்கு இது சீக்கிரம் வந்துவிடும்.

எந்தப் பொம்மையில் தொடங்குவது

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983இல் வெளியிட்ட மேசைப் போர்விளையாட்டு வார்ஹாமர். மாயமும் மந்திரமும் கலந்த அந்த உலகம் 2015இல் 'ஏஜ் ஆஃப் சிக்மார்' என்று புது வடிவம் எடுத்தது. பழைய உலகத்தை மறக்க முடியாதவர்களுக்காக 2024இல் 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்ற பெயரில் அதுவும் திரும்பி வந்தது. விண்வெளிப் போரான 'வார்ஹாமர் 40,000' தனிக் கிளை, அது 1987இல் பிறந்தது. எதை ஆடினாலும் பூசும் முறை ஒன்றுதான்.

முதல் படையாக நான் யாருக்கும் சிபாரிசு செய்வது ஸ்கேவன். இரண்டு காலில் நடக்கும் எலிகள், ஜெஸ் குட்வின் என்ற சிற்பி 1980களின் நடுவில் உருவாக்கிய கூட்டம். அதில் சாதாரணச் சிப்பாய்க்கு கிளான்ராட் என்று பெயர். பாதாளத்தில் வாழ்கிற, குளிக்காத, கந்தல் உடுத்திய உயிர்கள். ரோமம், கந்தல், துரு, தோல்பட்டை என்று எல்லாமே கரடுமுரடான பரப்புகள். கோடு கொஞ்சம் கோணலாகப் போனாலும், கறை கொஞ்சம் கூடினாலும் எலிக்கு அது பொருந்தும். ஏஜ் ஆஃப் சிக்மாரில் வரும், தங்கக் கவசம் போட்ட ஸ்டார்ம்காஸ்ட் வீரர்கள் கண்ணைப் பறிப்பார்கள்தான். ஆனால் பெரிய வழவழப்பான கவசத்தில் ஒரு திட்டு விழுந்தாலும் மேசையின் அந்தப் பக்கம் வரை தெரியும். அவர்கள் இரண்டாவது படையாக வரட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து உங்கள் வேலையை அளக்காதீர்கள். அதைப் பூசியவர்கள் அந்த நிறுவனத்தின் 'ஈவி மெட்டல்' குழுவினர். அதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள், ஒரு உருவத்துக்கு எத்தனை மணி நேரமும் கொடுப்பவர்கள். உங்கள் எலியைக் கையெட்டும் தூரத்தில் மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். ஆட்டம் நடக்கும் தூரம் அதுதான். அங்கிருந்து பார்க்க நன்றாக இருந்தால் வேலை நன்றாக வந்திருக்கிறது.

என்னென்ன வாங்க வேண்டும்

பதினைந்து இருபது சாமான்கள் போதும். பிளாஸ்டிக் வெட்டும் சிறிய கட்டர், கூரான கைவினைக் கத்தி, பிளாஸ்டிக் பசை, ஒரு டப்பா ப்ரைமர் ஸ்பிரே (பெயின்ட் பிடித்து நிற்க முதலில் அடிப்பது). பிரஷ் மூன்று: 1ஆம் எண் உருண்டை பிரஷ் ஒன்று, 0 எண் ஒன்று, அப்புறம் முகப்பூச்சுக்கு விற்கிற மலிவான மெத்தென்ற பிரஷ் ஒன்று. கடைசியில் சொன்னது டிரை பிரஷ் வேலைக்கு, அதாவது ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் நிறம் ஏற்றுவதற்கு. அதற்கென்று தனியாக விற்பதைவிட இதுவே நன்றாக உழைக்கிறது.

ஆசைப்பட்டு விலை உயர்ந்த கோலின்ஸ்கி பிரஷ்ஷை முதலிலேயே வாங்க வேண்டாம். பார்க்கக் கீரி போல இருக்கும் சைபீரிய வீசல் என்ற விலங்கின் வால்முடியில் செய்வது அது. வின்சர் அண்ட் நியூட்டனின் சீரிஸ் 7 வரிசை 1866இல் விக்டோரியா மகாராணிக்காகத் தயாரானது, இன்றும் வருகிறது. கை பழகியபின் அதைத் தொட்டால் அருமை புரியும். பழகும் காலத்தில் பெயின்டை வேர்வரை காயவிட்டுப் பாழாக்கிவிடுவோம். செயற்கை நார் பிரஷ்ஷின் முனை சில மாதத்தில் கொக்கிபோல் வளைந்துவிடும், ஆனால் அதற்குள் உங்களுக்கு எவ்வளவோ கற்றுக்கொடுத்திருக்கும்.

பெயின்டில் பெரிய கடல் இருக்கிறது. கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சிட்டாடல், ஸ்பெயினின் வல்லேஹோ, டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர் மூன்றும் எளிதில் காணக்கூடியவை. மூன்றும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக், ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கலாம். சிட்டாடல் மூடிபோட்ட சின்னக் குப்பியில் வரும், வல்லேஹோ சொட்டுச் சொட்டாக விழும் மூக்குப் புட்டியில் வரும். சொட்டுப் புட்டியில் வீணாவது குறைவு.

கிளான்ராட்டுக்கு எட்டு நிறம் எடுத்துக்கொள்ளுங்கள்: அடர்பழுப்பு, இளம்பழுப்பு, மங்கிய சிவப்பு, எலும்பு நிறம், இளஞ்சிவப்புத் தோல் நிறம், வெள்ளி, கறுப்பு, வெள்ளை. சிட்டாடலில் வாங்கினால் இரும்புக்கு லெட்பெல்ச்சர், வாலுக்கும் மூக்குக்கும் பக்மன்ஸ் க்ளோ நன்றாக இருக்கும். இவற்றோடு பழுப்பு நிற ஷேட், அதாவது பள்ளங்களில் நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட், ஒரு புட்டி. அக்ராக்ஸ் எர்த்ஷேட் என்று பெயர், இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எல்லோர் மேசையிலும் அது நிற்கும். கடைசியாக மேட் வார்னிஷ், பளபளக்காத பாதுகாப்புப் பூச்சு அது.

வெட் பேலட் என்ற ஈரத் தட்டை மட்டும் வீட்டிலேயே செய்யுங்கள். மூடியுள்ள தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் நாலைந்து மடிப்பு டிஷ்யூ பேப்பரை விரித்து, அது தளும்ப நனைய தண்ணீர் ஊற்றி, மேலே கேக் வேகவைக்கப் போடும் பேக்கிங் தாளை வெட்டிப் படுக்க வையுங்கள். தாளின் வழியே ஈரம் மெல்ல மேலேறி, பெயின்ட் மணிக்கணக்கில் காயாமல் இருக்கும். மெழுகு பூசிய தாள் ஈரத்தை மேலே விடாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வாங்கும்போது கவனம். வெள்ளி, செம்பு போன்ற உலோக நிறங்களை இந்தத் தட்டில் வைக்காதீர்கள், மினுமினுப்பு தனியாகவும் நிறம் தனியாகவும் பிரிந்துவிடும். அதற்கு ஒரு பீங்கான் சாஸர் போதும்.

வெட்டி ஒட்டுதல்

கட்டரின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருக்கும். தட்டைப் பக்கம் பொம்மையைப் பார்த்து இருக்க வேண்டும். முதல் வெட்டைச் சற்று தள்ளி வெட்டி, மீதி நுனியை இரண்டாவது வெட்டில் எடுத்தால் பொம்மையில் பள்ளம் விழாது.

வெட்டிய துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இரண்டு அச்சுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று காலிலும் கையிலும் ஓடும். கத்தியின் முதுகுப்புறத்தை வைத்துச் சுரண்டினால் போய்விடும். புதியவர்கள் தாவிச் செல்லும் வேலை இதுதான். இப்போது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடு, டிரை பிரஷ் செய்யும்போது வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்கும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. கத்தியை எப்போதும் உடம்புக்கு வெளிப்பக்கமாக ஓட்டுங்கள். என் இடது கட்டைவிரலில் அரை அங்குலத் தழும்பு இருக்கிறது, அவசரத்தில் உள்பக்கம் இழுத்ததால் வந்தது.

பிளாஸ்டிக் பசை சாதாரணப் பசை மாதிரி வேலை செய்வதில்லை. பாலிஸ்டைரீனைக் கொஞ்சம் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக உருக்கிவிடும். அதனால் துளி போதும், கூடினால் நுணுக்கங்கள் உருகும். ரெசினுக்கும் உலோகத்துக்கும் அது பிடிக்காது, அவற்றுக்குச் சூப்பர் க்ளூ. ரெசின் பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு ஒட்டுங்கள், அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சில புதிய பெட்டிகளில் பசையே வேண்டாம், அழுத்தினால் பொருந்திக்கொள்ளும்.

கிளான்ராட்டின் கேடயத்தை இப்போதே ஒட்டாதீர்கள். அது மார்பை மறைக்கும், பிரஷ் உள்ளே போகாது. தனியாக ஒரு குச்சியில் ஒட்டிவைத்துப் பூசி, கடைசியில் சேர்க்கலாம்.

ப்ரைமர்

வெறும் பிளாஸ்டிக்கில் அக்ரிலிக் பிடித்து நிற்காது, நகம் பட்டால் உரியும். அதற்காக முதலில் ப்ரைமர். டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். பொம்மையிலிருந்து 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஸ்பிரே பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி சட்டென்று ஒரு வீச்சு, நிறுத்தம், இன்னொரு வீச்சு. ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் பள்ளங்கள் மூடிப்போகும். வீட்டுக்கு வெளியே செய்யுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

இனி காற்றில் இருக்கும் தண்ணீர். ஒரு கார்த்திகை மாதம், காலையில் மழை விட்டதும் அவசரமாக மொட்டைமாடிக்குப் போய் இருபது எலிகளுக்கு ஸ்பிரே அடித்தேன். தரையெல்லாம் ஈரம், காற்றும் ஈரம். அரைமணி கழித்துப் பார்த்தால் எல்லாப் பொம்மையின் மேலும் வறுத்த ரவையைத் தூவிய மாதிரி சொரசொரப்பு. முகங்கள் போயே போய்விட்டன. ஈரக்காற்றில் ஸ்பிரே அடித்தால் பூச்சு இப்படிக் கெட்டுப்போகும். கடலோர ஊர்க்காரர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். வெயில் நன்றாக ஏறிய பத்து, பதினொரு மணி வாக்கில், துணி சீக்கிரம் உலர்கிற நாளாகப் பார்த்து அடியுங்கள். கொளுத்தும் உச்சிவெயிலும் ஆகாது, பெயின்ட் வழியிலேயே காய்ந்து தூளாக விழும். மழைக்காலத்தில் ஸ்பிரேயை மறந்துவிட்டு, பிரஷ்ஷால் பூசும் ப்ரைமரை வாங்கிக்கொள்ளலாம். வேலை மெதுவாக நடக்கும், ஆனால் வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

எலிக்குக் கறுப்பு ப்ரைமர் நல்லது. பிரஷ் எட்டாத இடுக்குகள் கறுப்பாகவே இருந்து நிழல்போல் நிற்கும்.

பெயின்டின் பதம்

பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம் இது.

புட்டியிலிருந்து எடுத்த பெயின்டை அப்படியே பூசக் கூடாது. அது தோசைமாவு மாதிரி இருக்கும், பூசினால் பிரஷ்ஷின் தடம் வரிவரியாகக் காய்ந்து நிற்கும். அரை மில்லிமீட்டர் ஆழமுள்ள ரோமமும் பல்லும் அதில் புதைந்துவிடும். ஈரத்தட்டில் இரண்டு துளி பெயின்டுக்கு ஒரு துளி தண்ணீர் என்று தொடங்கிக் கலக்குங்கள். காபிக்கு ஊற்றும் பாலின் பதம் வர வேண்டும். சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். பழைய செய்தித்தாளில் அச்செழுத்தின் மேல் ஒரு இழுப்பு இழுங்கள். எழுத்து முழுதும் மறைந்தால் கெட்டி. பெயின்ட் ஓரங்களில் ஊறிப் பரவினால் தண்ணீர் அதிகம். எழுத்து மங்கலாகத் தெரிந்து, கோட்டின் ஓரம் அதன் இடத்திலேயே நின்றால் சரி.

மங்கலாகத் தெரிவதால்தான் இரண்டு பூச்சு. முதல் பூச்சுக்குப் பின் பொம்மை பரிதாபமாகத்தான் இருக்கும், இடையிடையே கறுப்பு எட்டிப்பார்க்கும். அப்போது மனம் பதறி மேலும் மேலும் அப்பத் தோன்றும். பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். ஐந்து நிமிடம் காயட்டும். இரண்டாவது பூச்சில் எல்லாம் நிரம்பிவிடும். சிவப்பும் மஞ்சளும் மட்டும் கறுப்பின் மேல் மூன்று பூச்சு கேட்கும்.

பெயின்ட் பதமாக இருந்தும் வேலை கெடுவதுண்டு. காரணம் பிரஷ்ஷின் வயிற்றில் ஒளிந்திருக்கும் தண்ணீர். பிரஷ்ஷைக் கழுவியதும் நேரே பெயின்டில் தோய்க்காதீர்கள். முதலில் டிஷ்யூவில் ஒரு தடவு தடவி ஈரத்தை எடுங்கள். பிறகு முடியின் பாதி வரைக்கும் பெயின்டில் தோய்த்து, தட்டின் ஓரத்தில் சுழற்றியபடி இழுத்தால் முனை ஊசிபோல் கூடிவரும். இதைச் செய்யாமல் தொட்டால், பொம்மையைத் தொட்ட கணத்தில் ஒரு சொட்டு குபுக்கென்று இறங்கிப் பக்கத்து நிறத்தையும் நனைத்துவிடும்.

முடியைப் பிடித்திருக்கும் உலோகக் கழுத்துவரை பெயின்ட் ஏறவே கூடாது. உள்ளே காய்ந்தால் முடி விரிந்து, கூர் திரும்ப வராது. பிரஷ்ஷைத் தலைகீழாகத் தண்ணீர்க் கோப்பையில் ஊறப்போடுவதும் அதே கேட்டைச் செய்யும். நாக்கில் வைத்துக் கூர் செய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. சில நிறமிகள் உடம்புக்கு ஆகாதவை, அந்தப் பழக்கம் வேண்டாம்.

அடிவண்ணம்

பொம்மையைக் கையில் பிடிக்காமல், காலியான மாத்திரைப் புட்டியின் மூடிமேல் ஒட்டுக்களிமண்ணால் ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு முழங்கையும் மேசையில், இரண்டு மணிக்கட்டும் ஒன்றையொன்று தொட்டபடி. இப்படி முட்டுக்கொடுத்தால் கைநடுக்கம் உள்ளவர்களும் கோடு போடலாம். விளக்கு இரண்டு இருந்தால் நல்லது, இடம் ஒன்று வலம் ஒன்று.

உள்ளிருந்து வெளியே என்பது வரிசை. ஆடை உடுத்தும் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் உடம்பு, அதன் மேல் துணி, அதன் மேல் பட்டை, கடைசியில் கவசமும் ஆயுதமும். உள்ளே பூசும்போது வெளியே சிந்தினால் கவலையில்லை, அதன் மேல்தான் அடுத்த நிறம் வரப்போகிறது.

அதனால் ரோமத்துக்கு அடர்பழுப்பைத் தாராளமாகப் பூசுங்கள். வால், காது, மூக்கு, கைவிரல்களுக்கு இளஞ்சிவப்பு. பிறகு அங்கிக்கு மங்கிய சிவப்பு. அங்கியின் மடிப்பு மேலிருந்து கீழே ஓடினால் பிரஷ்ஷும் மேலிருந்து கீழே ஓடட்டும். பிரஷ்ஷை எங்கே தூக்குகிறோமோ அங்கே பெயின்ட் கொஞ்சம் கூடுதலாகத் தேங்கும், அதனால் இழுப்பு முடியும் இடம் கீழ் ஓரமாக, கிழிசல் பக்கமாக இருந்தால் நல்லது. அப்புறம் தோல்பட்டைகளுக்கு இளம்பழுப்பு, வாளுக்கும் தலைக்கவசத்துக்கும் வெள்ளி. வெள்ளி தொட்டபின் கோப்பைத் தண்ணீரை மாற்றிவிடுங்கள். மினுக்குத் துகள் அடுத்த நிறத்தில் கலந்து, ரோமத்தில் ஜிகினா மாதிரி நிற்கும்.

இருபது எலி என்றால் இருபதையும் ஒன்றாக எடுக்க வேண்டாம், மனசு தளர்ந்துவிடும். ஐந்து ஐந்தாக எடுங்கள். ஐந்துக்கும் ரோமம், பிறகு ஐந்துக்கும் அங்கி. ஐந்தாவது முடியும்போது முதலாவது காய்ந்திருக்கும்.

நிழல்

ஏன் நிழலைப் பூச வேண்டும், விளக்கு வெளிச்சமே நிழல் தராதா என்று கேட்பார்கள். மனிதன் அளவு சிலையில் தரும். நம் எலியின் உயரம் மூன்று செ.மீ. சொச்சம். அதன் பக்கத்தில் ஒரு குழல்விளக்கு வானம் மாதிரி. எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் விழுந்து, ஒரு மில்லிமீட்டர் மடிப்பில் நிழல் என்று எதுவும் மிஞ்சாது. ஒரே நிறத்தில் விட்டால் பொம்மை தட்டையாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். மடிப்பின் பள்ளத்தில் இருட்டையும் மேட்டில் ஒளியையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இருட்டுக்கு ஷேட். புளிக்கரைசல் போல நீர்த்த, மிகத் தெளிவான பெயின்ட் அது. புட்டியை நன்றாகக் குலுக்கி, தண்ணீர் சேர்க்காமல், பொம்மை முழுக்கத் தடவுங்கள். மேட்டில் நிற்காமல் தானே பள்ளம் தேடி ஓடும். முதல் தடவை பார்ப்பவருக்கு இது ஒரு அற்புதம்தான். தட்டையாக இருந்த முகத்தில் சட்டென்று பல் தனியாக, ஈறு தனியாகத் தெரியும், ரோமம் ஒவ்வொரு கீற்றாக எழுந்து வரும். நான் கற்றுக்கொடுத்த ஒவ்வொருவரும் இந்த இடத்தில் பொம்மையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

முழங்கால் மடிப்பிலோ கேடயத்தின் நடுவிலோ குட்டையாகத் தேங்கினால், ஈரமான சுத்தமான பிரஷ்ஷால் தொட்டு உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அதைக் காய்வதற்கு முன், உடனே செய்ய வேண்டும். பாதி காய்ந்தபின் தொட்டால் காபி டம்ளர் வைத்த தடம்போல் வளையம் விழும். அதற்குப் பிறகு அரைமணி நேரம் பொம்மைப் பக்கமே போகாதீர்கள். ஈரமான நாளில் ஒரு மணி நேரம்.

இந்த இரண்டு படியையும் ஒன்றாக்கிய பெயின்டும் இருக்கிறது. சிட்டாடலின் கான்ட்ராஸ்ட் வரிசை 2019இல் வந்தது. வெளிர் ப்ரைமரின் மேல் ஒரே பூச்சாகப் பூசினால் பள்ளத்தில் அடர்ந்தும் மேட்டில் வெளுத்தும் படியும். கறுப்பு ப்ரைமரின் மேல் சாம்பலும் வெள்ளையும் டிரை பிரஷ் செய்து, அதன் மேல் கான்ட்ராஸ்ட் பூசும் முறைக்கு ஸ்லாப் சாப் என்று பெயர். பெரிய படையை வேகமாக முடிக்க நல்ல வழி. ஆனாலும் முதல் ஐந்து பொம்மையைப் பழைய முறையில் பூசுங்கள் என்பேன். பதம் கைக்கு வருவது அதில்தான்.

வெளிச்சம்

தண்ணீரே ஆகாத வேலை டிரை பிரஷ். மெத்தென்ற பிரஷ்ஷை முழுதாகக் காயவைத்து, முனையில் மட்டும் இளம்பழுப்பைத் தொட்டு, டிஷ்யூவில் தேய்த்துக்கொண்டே இருங்கள். ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை என்ற நிலை வந்ததும், ரோமத்தின் குறுக்கே தூசி தட்டுவதுபோல லேசாக ஓட்டுங்கள். மேட்டில் மட்டும் நிறம் பிடிக்கும். முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பத்துப் பன்னிரண்டு ஓட்டத்தில் மெல்ல எழுந்து வரும். சங்கிலிக் கவசத்துக்கு வெள்ளியால் இதே முறை.

துணிக்கு வேறு முறை. அங்கியின் சிவப்பில் கொஞ்சம் எலும்பு நிறத்தைக் கலந்து, மடிப்பின் மேட்டில் மட்டும் மெல்லிய கோடு. கேடயத்தின் விளிம்பு, வாளின் ஓரம் போன்ற கூரான இடங்களில் பிரஷ்ஷின் முனையைவிட அதன் பக்கவாட்டை வைத்து இழுத்தால் கோடு நேராக வரும். ஒரு எலிக்கு ஏழெட்டுக் கோடு போதும். தலையிலும் தோளிலும் போடுங்கள், கண் அங்கேதான் முதலில் போகும்.

கண், பல், துரு

நம்மூரில் சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசிச் சடங்காக வைத்திருக்கிறார்கள். எலிக்கும் கடைசியில் திறக்கலாம், அதன் கண் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். பெயின்டைக் கொஞ்சம் கெட்டியாகவே வைத்து 0 எண் பிரஷ்ஷின் நுனியால் ஒரு தொடல். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தொட்டால் கை ஆடாது. மனித உருவம் என்றால் வரிசையை மாற்றுங்கள். முகத்தில் முதலில் கண்ணைப் போட்டுவிட்டு, பிசிறுகளைச் சுற்றியுள்ள தோல் நிறத்தால் சரிசெய்வது சுலபம்.

பல்லுக்கும் நகத்துக்கும் எலும்பு நிறம். துருவுக்கு சிட்டாடலின் டைஃபஸ் கரோஷன் என்ற மணல் கலந்த பழுப்பை வாளில் அங்கங்கே ஒற்றி, காய்ந்ததும் ஆரஞ்சு நிறத்தை டிரை பிரஷ் செய்தால் நிஜத் துரு போலவே இருக்கும்.

காலடி மண்

பொம்மை நிற்கும் 25 மி.மீ. வட்டத்தை வெறுமையாக விட்டால் எவ்வளவு பூசியும் முடிந்த உணர்வு வராது. ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மேலே தடவி, கழுவிக் காயவைத்த ஆற்றுமணலில் அழுத்துங்கள். ஒரு ராத்திரி காயட்டும். அடர்பழுப்பு, ஷேட், எலும்பு நிறத்தில் டிரை பிரஷ். விளிம்பை மட்டும் சுத்தமாக ஒரே நிறத்தில், கறுப்போ பழுப்போ, படை முழுக்க ஒன்றுபோல் பூசுங்கள். ஒவ்வொரு எலியும் கொஞ்சம் வேறுபட்டு வந்திருந்தாலும், ஒரே மண்ணும் ஒரே விளிம்பும் அவற்றை ஒரே படையாகச் சேர்த்துவிடும். இனி கேடயத்தை ஒட்டலாம்.

தப்பாகிவிட்டால்

சின்னத் தவறு என்றால் அதன் மேல் அடிவண்ணத்தைத் திரும்பப் பூசினால் போதும். முழுதும் கெட்டுவிட்டால் பெயின்டை உரித்துவிடலாம். இங்கிலாந்துக்காரர்கள் இதற்குப் பல காலமாகப் பழுப்பு நிற டெட்டாலைப் பயன்படுத்துகிறார்கள். பிளாஸ்டிக் பொம்மையை ஒரு நாள் அதில் ஊறவைத்து, கையுறை போட்டுக்கொண்டு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் டெட்டாலிலேயே தேய்க்க வேண்டும். பெயின்ட் எல்லாம் போகும்வரை தண்ணீர் படக் கூடாது. பட்டால் உரிந்த பெயின்ட் தார் மாதிரிக் கொழகொழவென்று ஒட்டிக்கொள்ளும். என் ரவை எலிகளில் பெரும்பாலானவற்றை இப்படித்தான் மீட்டேன். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பக்கம் போகாதீர்கள், பெயின்டோடு பொம்மையும் கரைந்துவிடும்.

வார்னிஷ்

ஆடும்போது விரல் படும், வியர்வை படும். அதற்கு மேட் வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு. ஸ்பிரே வார்னிஷ் என்றால் ப்ரைமருக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கே இரண்டு மடங்கு. ஈரக்காற்றில் அடித்தால் முடித்த பொம்மையின் மேல் வெண்பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும். முதலில் ஒரே ஒரு எலிக்கு அடித்து, காய்ந்ததும் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அடியுங்கள். வார்னிஷ்ஷுக்குப் பின் மூக்கு நுனியிலும் உதட்டிலும் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ் வைத்தால் ஈரமாக, உயிரோடு இருப்பது மாதிரித் தெரியும்.

காய்ந்தபின் முதல் எலியைத் திருப்பி, அடியில் தேதியை எழுதிவையுங்கள். அதை மட்டும் எப்போதும் டெட்டாலில் போடாதீர்கள், அடுத்து எத்தனை படை பூசினாலும் அலமாரியில் அது முன்வரிசையில் நிற்கட்டும். வெட் பேலட்டின் தாளை மாற்றிவிட்டு, சட்டத்திலிருந்து அடுத்த ஐந்தை வெட்டத் தொடங்கலாம்.